சிவப்புக்குக் கிடைக்கும் உபரி வெளிச்சம்

கைபேசியில் படம் வரையும் செயலி ஒன்றைத் திறந்து, பக்கத்தில் பக்கத்தில் இரண்டு கட்டங்கள் போடுங்கள். ஒன்றில் முழுச் சிவப்பு: சிவப்பு 255, பச்சை 0, நீலம் 0. மற்றதில் சாம்பல்: மூன்றுக்கும் 127. ஒளிமானியை வைத்தால் இரண்டு கட்டத்துக்கும் ஏறக்குறைய ஒரே அளவுதான் காட்டும். ஆனால் வீட்டில் யாரைக் கேட்டாலும் சிவப்புதான் வெளிச்சமாக இருக்கிறது என்பார்கள். சாம்பல் கட்டம் அதன் பக்கத்தில் அணைந்த அடுப்பு மாதிரி கிடக்கும்.

வந்து சேரும் ஒளியின் அளவில் வித்தியாசம் இல்லை. நிறத்தின் செறிவில்தான் வித்தியாசம். செறிவு கூடும்போது கண் அதையும் வெளிச்சக் கணக்கில் சேர்த்துக்கொள்கிறது. ஜெர்மானிய அறிஞர் ஹெல்ம்ஹோல்ட்ஸ் 19ஆம் நூற்றாண்டிலேயே இதைக் கவனித்தார். நிற ஒளிகளை அளப்பது பற்றி 1935இல் எழுதிய கோல்ராவ்ஷ் இதை மேலும் ஆராய்ந்தார். அதனால் ஹெல்ம்ஹோல்ட்ஸ் – கோல்ராவ்ஷ் விளைவு என்று பாடப்புத்தகத்தில் பேர்.

இந்தப் பேரைக் கேள்விப்படாமலே இதை வைத்துத் தொழில் நடத்திய ஊர்கள் நம் கரிசல் காட்டில் இருக்கின்றன. கோவில்பட்டித் தீப்பெட்டி, சிவகாசிக் காலண்டர், பட்டாசுப் பெட்டி, எல்லாவற்றுக்கும் ஒரே பிரச்சினைதான். மலிவான தாள், கணக்குப் பார்த்து வாங்கிய மை. அதை வைத்துக்கொண்டு, வெளிச்சமே எட்டாத பெட்டிக்கடை மூலையில் இருந்து ஒரு ஆளின் கண்ணை இழுக்க வேண்டும். தாளுக்குச் சொந்த வெளிச்சம் கிடையாது, மேலே விழுவதில் கொஞ்சத்தைத் திருப்பி அனுப்புவதுதான் அதற்குத் தெரிந்த ஒரே வேலை. திருப்பி அனுப்புவதைக் கூட்ட முடியாதபோது, அனுப்புகிற கொஞ்சத்தையே கண் அதிகமாக எண்ணும்படி செய்ய வேண்டியிருக்கிறது.

செறிவு என்றால் என்ன என்பதை ஜவுளிக்கடையில் எளிதாகப் பார்க்கலாம். ராணி கலர் புடவை, இளம் ரோஸ் புடவை, வெங்காயச் சருகு கலர் புடவை மூன்றையும் விரித்துப் போட்டால், மூன்றும் ஒரே குடும்பம் என்று தெரியும். ராணி கலரில் வெள்ளையைக் கலந்துகொண்டே போனால் இளம் ரோஸ் பக்கம் வரும். சாம்பலைக் கலந்தால் வெங்காயச் சருகின் பக்கம் போகும். எவ்வளவு கலப்பில்லாமல் இருக்கிறதோ அவ்வளவு செறிவு. கடைக்காரர்கள் இதைத்தான் ‘எடுப்பான கலர்’ என்கிறார்கள்.

இனிமேல் கருவி அளப்பதை ஒளிர்வு என்றும், கண்ணுக்குப் படுவதைப் பொலிவு என்றும் வைத்துக்கொள்வோம். கருவி ஒன்றும் கண்ணை மறந்துவிட்டு அளப்பதில்லை. எல்லா நிறத்துக்கும் நம் கண் ஒரே அளவு கூர்மையாக இல்லை. பகல் வெளிச்சத்தில் 555 நானோமீட்டர் அலைநீளத்தில், அதாவது மஞ்சள் சாய்ந்த பச்சையில், அதன் கூர்மை உச்சம். இரண்டு ஓரங்களிலும், சிவப்புப் பக்கமும் ஊதாப் பக்கமும், சரிந்து இறங்கும். இந்த வளைகோட்டை 1924இல் உலக ஒளியியல் ஆணையம் ஏற்றுக்கொண்டது. பல்ப் பெட்டியில் அச்சடித்திருக்கும் லூமென் கணக்கு இன்றைக்கும் அதன்படிதான் நடக்கிறது. வழக்கமான கணினித் திரையின் வெள்ளையை 100 என்று வைத்தால், அதில் பச்சையின் பங்கு 72, சிவப்பின் பங்கு 21, நீலத்தின் பங்கு வெறும் 7.

அந்த 7ஐக் கொஞ்சம் நின்று பாருங்கள். முழு நீலத்துக்குச் சமமான ஒளிர்வு உள்ள சாம்பல், மூன்றுக்கும் 76 வைத்தால் வரும். கிட்டத்தட்ட கரி. அந்தக் கரிக் கட்டத்துக்குப் பக்கத்தில் முழு நீலக் கட்டத்தை வைத்தால், இரண்டும் ஒரே அளவு ஒளி என்று சத்தியம் செய்தாலும் யாரும் நம்ப மாட்டார்கள்.

எங்கிருந்து வருகிறது இந்த உபரி? விழித்திரையில் மூன்று வகைக் கூம்பு செல்கள் இருக்கின்றன. அவை தனித்தனியாக மூளைக்குச் செய்தி அனுப்புவதில்லை. வழியிலேயே கூட்டல் கழித்தல் நடந்துவிடுகிறது. ஒரு வழியில், நீண்ட அலையையும் நடு அலையையும் பிடிக்கிற செல்களின் செய்தி கூட்டப்பட்டுப் போகிறது. கருவியின் ஒளிர்வுக்கு நெருங்கிய உறவு இந்தக் கூட்டல்தான். வேறு இரண்டு வழிகளில் கழித்தல் போகிறது: சிவப்பா பச்சையா, நீலமா மஞ்சளா என்ற வித்தியாசம். சாம்பலைப் பார்த்தால் கழித்தல் வழிகள் சும்மா இருக்கும். செறிவான சிவப்பைப் பார்த்தால் கூட்டலும் பேசும், கழித்தலும் உரக்கப் பேசும். ‘எது வெளிச்சம்?’ என்று தீர்ப்புச் சொல்லும் இடத்தில் மூளை எல்லாப் பேச்சையும் சேர்த்துக் கேட்கிறது. அதுதான் உபரி.

இதைச் சோதித்துப் பார்க்க அழகான வழி ஒன்று உண்டு. இரண்டு நிறங்களையும் பக்கத்தில் வைக்காமல், ஒரே இடத்தில் மாற்றி மாற்றி, விநாடிக்குப் பதினைந்து இருபது தடவை காட்டுவார்கள். அந்த வேகத்துக்குக் கழித்தல் வழிகளால் ஈடுகொடுக்க முடியாது. நிறங்கள் கலந்து ஒன்றாகிவிடும். கூட்டல் வழி மட்டும் வேகமானது, அது வெளிச்ச வித்தியாசத்தைத் துடிப்பாகக் காட்டும். துடிப்பு அடங்கும் வரை ஒன்றின் ஒளியைக் கூட்டிக் குறைத்தால், கிடைக்கும் விடை கருவியின் கணக்கோடு ஒத்துப்போகும். உபரியைக் காணோம்! அதே இரண்டு நிறங்களை அசையாமல் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், உபரி திரும்ப வந்து உட்கார்ந்துகொள்ளும்.

எல்லா நிறத்துக்கும் உபரி ஒரே அளவு இல்லை. நீலம், ஊதா, ராணி கலர், சிவப்பு ஆகியவற்றுக்கு நிறையக் கிடைக்கும். மஞ்சளுக்கு அநேகமாக ஒன்றும் இல்லை. ஆளுக்கு ஆளும் இது மாறும். இவ்வளவு முரண்டு பிடிக்கிற ஒன்றை லூமென் கணக்கில் சேர்க்காமல் விட்டதில் நியாயம் இருக்கத்தான் செய்கிறது. ஆனால் இதைச் சாக்காக வைத்து, எல்.இ.டி. புரொஜெக்டர் விற்பவர்கள் ‘கண்ணுக்கு இத்தனை லூமென் போலத் தெரியும்’ என்று தனிக் கணக்கு எழுதுகிறார்கள். முழுப் பொய் என்று தள்ள முடியாது. ஆனால் கல்யாண மண்டபத்தில் கறுப்பு எழுத்து வெள்ளைப் பக்கத்தைக் காட்ட வாங்குபவருக்கு அந்த எண்ணால் பயனில்லை. செறிவே இல்லாத இடத்தில் உபரிக்கு வேலை என்ன?

சாயத்தில் செறிவைக் கூட்டுவதற்கு ஒரு விலை கொடுக்க வேண்டும். சிவப்புச் சாயம் சிவப்பாக இருப்பதற்குக் காரணம், தன் மேல் விழும் பச்சையையும் நீலத்தையும் அது விழுங்கிவிடுவதுதான். எவ்வளவு சுத்தமாக விழுங்குகிறதோ அவ்வளவு செறிவு. ஆனால் விழுங்கியது போக மீதிதான் திரும்பி வரும், ஆகவே செறிவு கூடக் கூட ஒளிர்வு குறையும். வெள்ளையைக் கலந்து ஒளிர்வைக் கூட்டப் போனால் செறிவு போய்விடும். ஓவியரின் தட்டில் இந்த இழுபறி எப்போதும் இருக்கும். இதிலிருந்து தப்பிக்கிற ஒரே ஆள் மஞ்சள்: அது நீலத்தை மட்டும் விழுங்கினால் போதும், நீலத்தின் பங்கோ வெறும் 7. திரையில் முழு மஞ்சளின் ஒளிர்வு 93. உபரியே தேவைப்படாத அளவுக்குச் சொந்தச் சம்பாத்தியம் அதற்கு இருக்கிறது.

கோவில்பட்டியின் காலண்டர் ஓவியர்களை இந்தக் கணக்கோடு பார்த்தால் அவர்கள் செய்த வேலையின் நுட்பம் பிடிபடும். சி. கொண்டையராஜு (1898–1976) சென்னை ஓவியப் பள்ளியில் படித்தவர். சில காலம் திருவண்ணாமலை ரமணாசிரமத்தில் இருந்தவர். பிறகு நாடகக் கம்பெனிகளுக்குத் திரைச்சீலை எழுதியவர். அந்த வழியாகத்தான் கோவில்பட்டிக்கு வந்து தங்கினார். டி.எஸ். சுப்பையா, எம். ராமலிங்கம், செண்பகராமன் என்று சீடர்கள் சேர்ந்தார்கள். இங்கே தீட்டிய முருகனும் மீனாட்சியும் லட்சுமியும் சிவகாசியில் அச்சாகி, தமிழ்நாட்டின் பூஜை அறைகளிலும் கடைச் சுவர்களிலும் போய்த் தொங்கினார்கள்.

நாடகத் திரைச்சீலை எழுதியவர் என்பது இங்கே சும்மா ஒரு வாழ்க்கைக் குறிப்பு அல்ல. விளக்கு வெளிச்சத்தில், கடைசி வரிசைக்குத் தெரியும்படி எழுதிப் பழகிய கை அது. பெரும்பாலான காலண்டர் படங்களில் பின்னால் உள்ள மலையும் கோபுரமும் மரமும் தணிந்த நிறங்களில் இருக்கும். புகையும் சாம்பலும் கலந்த பச்சை, வெளுத்த ஊதா. முன்னால் நிற்கும் தெய்வத்தின் பட்டில்தான் முழுச் சிவப்பு, மயிலின் கழுத்தில்தான் முழு நீலம். நகைக்கும் ஒளிவட்டத்துக்கும் மஞ்சள். ஒளிர்வு தர வேண்டிய இடத்தில் மஞ்சள், உபரியில் வாழ வேண்டிய இடத்தில் சிவப்பும் நீலமும். கருவியால் அளந்தால் பின்னால் உள்ள வானம் பட்டைவிட அதிக ஒளி அனுப்பும். கண்ணோ பட்டில்தான் போய் நிற்கும். எல்லா இடத்திலும் செறிவைக் கொட்டியிருந்தால் இது நடக்காது. இன்றைய பல ஃபிளெக்ஸ் பேனர்கள் அப்படிக் கொட்டித்தான் கெட்டுப்போகின்றன. வடிவமைக்கிற தம்பி செறிவுப் பொத்தானைக் கடைசி வரை தள்ளிவிடுகிறார். தலைவர் முகம், வானம், மாலை, எழுத்து எல்லாம் ஒரே குரலில் கத்துகின்றன.

அச்சிலும் இதே கதைதான். பழைய லித்தோ முறையில் ஒவ்வொரு நிறத்துக்கும் தனித்தனிக் கல். இளஞ்சிவப்புக்கு ஒன்று, அடர் சிவப்புக்கு ஒன்று என்று பிரித்துக்கொள்ள முடிந்தது. நான்கு மை ஆஃப்செட்டில் நீலம் என்பது சியான் மேல் மெஜந்தா விழுந்து வருவது. இரண்டு மையும் விழுங்குவதால் அது இருண்டு அழுக்கேறும். தீட்டிய மயில் கழுத்து அச்சில் அப்படியே வராததற்குக் காரணம் அதுதான். மேலே பளபளப்பு வார்னிஷ் அடிப்பது வெறும் பகட்டுக்காக அல்ல. சொரசொரப்பான தாளின் மேற்பரப்பில் வெள்ளை ஒளி எல்லாத் திசையிலும் சிதறி நிறத்தோடு கலந்து அதை வெளுக்கச் செய்கிறது. வார்னிஷ் அந்தச் சிதறலை ஒரே திசைக்கு ஒதுக்கிவிடும். மற்ற கோணங்களில் இருந்து பார்க்கும்போது நிறம் செறிவாகும்.

இதையே மழை செய்வதைக் கரிசல் காட்டில் ஐப்பசியில் பார்க்கலாம். ஆடி, ஆவணிக் காற்றில் எழுந்த புழுதி எல்லாம் இலைமேல் படிந்து, வேலியோர வேப்ப மரமும் கருவையும் மண் பூசின மாதிரி நிற்கும். உச்சி வெயிலில் ஒரு லட்சம் லக்ஸ் அளவுக்கு வெளிச்சம் கொட்டினாலும் பச்சை எடுக்காது. புழுதியும் இலையின் மேல்தோலும் வெள்ளை ஒளியைச் சிதறடிப்பதால் பச்சையில் சாம்பல் கலந்துவிடுகிறது. வடகிழக்குப் பருவமழை நாலு தூற்றல் போட்டு நிற்கட்டும். மூடிய வானத்தின் கீழ் வெளிச்சம் பத்தாயிரம் லக்ஸ்கூட இருக்காது, பத்தில் ஒரு பங்கு. ஆனால் உளுந்துப் பயிரும் கம்பும் பளிச்சென்று நிற்கும். ஒளி குறைந்து செறிவு கூடிய வேளை அது.

கரிசல் மண்ணுக்கே இதில் ஒரு பங்கு உண்டு. மேலே விழும் ஒளியில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கைத்தான் அது திருப்பி அனுப்பும். நனைந்துவிட்டால் இன்னும் குறைவு. விளாத்திகுளம் பக்கம் வத்தலைக் களத்தில் காயப்போடும்போது, அந்தக் கறுப்புக்கு நடுவே சிவப்பு உள்ளிருந்து எரிவது போலத் தெரியும். கோடாக் நிறுவனத்தில் பல காலம் நிறத்தை ஆராய்ந்த ரால்ஃப் எவன்ஸ் இப்படிப்பட்ட ‘எரியும்’ தோற்றத்தைத் துருவிப் பார்த்தவர். ஒரு நிறத் துண்டின் ஒளியைச் சுற்றுப்புறத்தோடு ஒப்பிட்டுக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிக்கொண்டே போனால், முதலில் அதில் கறுப்பு கலந்தது போலத் தெரியும்; பிறகு சாம்பல் கலந்தது போல; ஒரு கட்டத்தில் அந்தச் சாம்பல் மறைந்துவிடும்; அதையும் தாண்டினால் துண்டு தானே ஒளிவிடுவது போலத் தோன்றும். செறிவான நிறங்கள் இந்தக் கட்டத்தைச் சீக்கிரமே எட்டிவிடுகின்றன. சாம்பல் வெளிறிய நிறத்துக்கு நிறைய ஒளி வேண்டும். வத்தல் சிவப்புக்குக் கொஞ்சம் போதும். சுற்றிலும் கரிசல் இருந்தால் அந்தக் கொஞ்சமும் இன்னும் குறையும். அதே வத்தலை வெள்ளைச் சிமெண்டுத் தளத்தில் கொட்டினால் அடர் அரக்காக, இருட்டாகத் தெரியும்.

சாயங்காலம் இந்தக் கணக்கெல்லாம் கவிழ்ந்துவிடும். வெளிச்சம் மங்கினால் கூம்பு செல்கள் ஓய்ந்து, கோல் செல்கள் வேலைக்கு வரும். அவற்றின் கூர்மை உச்சம் 507 நானோமீட்டர் பக்கம். சிவப்பு அவற்றுக்கு அநேகமாகத் தெரியவே தெரியாது. செக் நாட்டு அறிஞர் புர்க்கின்யே 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இதைக் கவனித்துச் சொன்னார். பகலில் எரிந்த வத்தல் களம் பொழுது சாய்ந்ததும் கறுத்துப்போகும், பக்கத்து வரப்புப் பச்சை இன்னும் கொஞ்ச நேரம் வெளுப்பாகத் தெரிந்துகொண்டிருக்கும். சைக்கிளுக்குப் பின்னால் வெறும் சிவப்புப் பெயிண்ட் அடித்துவிட்டுப் பாதுகாப்பு என்று நினைப்பது இதனால்தான் சரியில்லை. அங்கே தேவை, வருகிற வண்டியின் விளக்கைத் திருப்பி அனுப்பும் ரேடியம் ஸ்டிக்கர்.

எதிர்த்திசையில் ஒரு வேடிக்கை, வெள்ளையில் நடக்கிறது. சுவருக்குச் சுண்ணாம்பு அடிக்கும்போது வாளியில் கொஞ்சம் நீலம் கரைப்பது நம் வழக்கம், வேட்டிக்கும் அப்படியே. நீலம் என்பது ஒளியை விழுங்கும் பொருள். சுண்ணாம்பில் அதைப் போட்டால் சுவர் திருப்பி அனுப்பும் ஒளி குறையத்தான் செய்யும். இருந்தும் சுவர் முன்னைவிட வெள்ளையாகத் தெரிகிறது. மங்கலான மஞ்சள் சாயலைக் கண் அழுக்கு என்று எடுத்துக்கொள்கிறது. லேசான நீலச் சாயலைச் சுத்தம் என்று எடுத்துக்கொள்கிறது. சலவைப் பவுடரில் இன்று கலப்பது வேறு சரக்கு: கண்ணுக்குத் தெரியாத புறஊதாவை வாங்கி நீல ஒளியாக மாற்றித் தருவது. அங்கே உண்மையிலேயே ஒளி கூடுகிறது. கண்ணைக் கூசவைக்கும் ஒளிரும் ஆரஞ்சு, ராணி கலர் போஸ்டர்களும் இந்த வகைதான். சாதாரணச் சாயத்தின் எல்லையை அவை தாண்டிப் போவதால்தான் தாள் விளக்குப் போட்டது போலத் தெரிகிறது. கோவில்பட்டி வெயிலில் அந்த வித்தை நெடுநாள் நிற்பதில்லை. ஒளிரும் சாயம் வெயிலில் சீக்கிரம் செத்துவிடும். வெளுத்த போஸ்டர் புதியதைவிட அதிக வெள்ளை ஒளியைத் திருப்பி அனுப்பிக்கொண்டிருக்கலாம். ஆனாலும் தெருவில் போகிறவர் அதை மங்கிப்போனது என்றே சொல்வார்.

கடைசியாக, பலகை எழுதுபவர்களுக்கும் நோட்டீஸ் அடிப்பவர்களுக்கும் ஒரு செய்தி. உபரிப் பொலிவு கண்ணை இழுக்கும், ஆனால் எழுத்தை வாசிக்க உதவாது. நுணுக்கமான ஓரங்களைக் கண் பிரித்தறிவது பெரும்பாலும் கூட்டல் வழியில்தான், அதாவது ஒளிர்வு வித்தியாசத்தில்தான். ராமர் பச்சைப் பின்னணியில் அரக்குச் சிவப்பு எழுத்து இருந்தால் இரண்டும் தனித்தனியே பளிச்சென்று இருக்கும். ஓரங்கள் மட்டும் நடுங்கும், பத்தடி தள்ளினால் எழுத்துக் கூட்ட முடியாது. சிவப்புப் பின்னணியில் மஞ்சள் எழுத்து, 21க்கு எதிராக 93, பஸ் ஜன்னலில் இருந்தே வாசிக்கலாம். அச்சுக்குக் கொடுக்கும் முன் வடிவமைப்பைக் கைபேசியில் கறுப்பு-வெள்ளையாக மாற்றிப் பாருங்கள். துல்லியமான அளவு இல்லைதான், ஆனால் எழுத்து பின்னணியில் கரைந்துபோனால், மை வாங்குவதற்கு முன் நிறத்தை மாற்ற அப்போதும் நேரம் இருக்கும்.